பெரியவுக மலையேறிட்டாக

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து பகல் ஒன்றரை மணி வரை என் அம்மா இறந்துவிட்டாள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் அது என் சொந்தக் கஷ்டம். நான் ஊரையும் நம்பவைத்தேன். கல்லலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை அழுவதற்கு வரவழைத்தேன்.

அந்த நேரம் முழுக்க அம்மா, ஒரு தும்மல்கூட இல்லாத ஆரோக்கியத்தோடு, இரண்டு தெரு தள்ளி நின்று மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். தும்மல் இல்லை என்றது மிகை. மிளகாய் அல்லவா.

போன வாரம் லேபில் நான் ஷாக் அடித்து விழுந்த கதையைப் படித்துவிட்டு, "இவரா பிள்ளைகளுக்கு எலெக்ட்ரிகல் பாடம் நடத்தினார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு இந்த வாரம் இன்னும் வலுவான ஆதாரம் கிடைக்கும்.

செல்லையா அண்ணனின் போன்

நான் திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளவில்லை. அன்று காலை கரும்பலகையில் நான் எழுதியிருந்தது இது: மூன்று பேஸ் கரண்டில் ஓடும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போய்விட்டால் அது முனகும், உடம்பு சூடாகும், உதறும், நின்றுவிடும்.

மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்லையா அண்ணன்.

காரைக்குடியில் எங்கள் மாவு மில்லை ஓட்டுகிறவர் அவர். அப்பா காலத்து ஆள். அவராக எனக்குப் போன் செய்தது அதற்கு முன் ஒரு தடவையும் கிடையாது.

"தம்பி, செல்லையா பேசுறேன். ஒண்ணும் பதறாதீக."

பதறாதீர்கள் என்று தொடங்கும் செய்திக்குப் பதறாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

"என்னண்ணே?"

"நம்ம பெரியவுக மலையேறிட்டாக."

"எப்ப?"

"ஒம்பதரை இருக்கும். நல்லாத்தேன் இருந்தாக. திடீர்னு ஒரு மொனகல். தொட்டுப் பாத்தா ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஒரு ஒதறு ஒதறி அப்படியே நின்னுபோச்சு. ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்குவோம்னு..."

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

முனகல், சூடு, உதறல், நிற்றல். நான்கும் என் கையெழுத்தில், என் முதுகுக்குப் பின்னால், கொட்டை எழுத்தில் இருந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. 'நல்லாத்தேன் இருந்தாக' என்று உயர்திணையில் தொடங்கியவர் 'நின்னுபோச்சு' என்று அஃறிணையில் முடித்தாரே, அதையாவது கவனித்திருக்கலாம். துக்கத்தில் இலக்கணம் தடுமாறும் என்று நானே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இல்லை என்ற சொல் இல்லாத கடை

'மலையேறிவிட்டது' என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் அந்த அகராதியிலேயே வளர்ந்தவன்.

விளக்கு அணைந்தது என்று நம் வீடுகளில் சொல்ல மாட்டார்கள், மலையேறிவிட்டது என்பார்கள். வளையல் உடையாது, பெருகும். உப்பு தீராது, நிறையும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அம்மா என்ன செய்தாள் என்றால், இந்த மரியாதையை இரும்புக்கும் நீட்டினாள். மில்லில் பெல்ட் அறுந்தால் "பெல்ட்டு பெருகிருச்சு". கரண்ட் போனால் "கரண்டு மலையேறிருச்சு". சாயங்காலம் மெஷினை நிறுத்துவது "தூங்க வைக்கிறது". எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: 'இல்லை' என்ற சொல் மில் படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

சத்துமாவு தீர்ந்துபோயிருக்கும் நாளில் யாராவது கேட்டால் பதில் இப்படி வரும்: "நெறஞ்சிருக்கும்மா, சனிக்கிழமை வா."

ஒருமுறை சென்னையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், "நிறைஞ்சிருக்குன்னா ஒரு கிலோ போடுங்களேன்" என்று பையை நீட்டினாள்.

"அதான் நெறஞ்சிருக்குங்கிறேன்ல."

"அதான் போடுங்கங்கிறேன்."

"தாயி, நல்லா நெறஞ்சிருச்சு. பொட்டுக்கூட நெறையாம விடலை."

இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு கால் மணி நேரம் நின்றார்கள். கடைசியில் செல்லையா அண்ணன் காலி டின்னைக் கவிழ்த்து அவளிடம் காட்டி வழக்கை முடித்துவைத்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் எத்தனையோ தடவை அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "ஒனக்குக் காரணம் நெறஞ்சிருக்கு, போடா" என்பாள்.

எனவே 'மலையேறிட்டாக' என்பதை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். தப்பு 'பெரியவுக'வில். செல்லையா அண்ணன் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா போனபின் அந்த வார்த்தை சாவிக்கொத்தோடு சேர்ந்து அம்மாவுக்கு வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்க்கிற புத்தி இருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது.

அத்தைக்கு ஒரு போன்

அம்மாவின் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பதினான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் என் நம்பிக்கை உறுதிப்பட்டது.

பள்ளியில் வகுப்பில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தைகிட்டப் பேசினீங்களா?"

"செத்துப்போனவங்ககிட்ட எப்படிடி பேசுறது?"

"பேசாம எப்படி செத்துட்டாங்கன்னு தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. துக்க வேளையில் தர்க்கம் பேசுகிறாளே என்று. போனை வைத்துவிட்டு, அடுத்ததாக நான் செய்த காரியம்தான் விபரீதம். கல்லலில் இருக்கும் கருப்பையா மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அக்காவின் மேல் உயிர். ஆனால் சோம்பேறி உயிர். "இந்தப் பொங்கலுக்கு ஒனக்கு ஒரு சீலை எடுத்துட்டு வாரேன்க்கா" என்று பத்துப் பொங்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் ரயிலே இருக்கிறது. சீலை மட்டும் ஏறவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். உடைந்த குரலில், "போத்துறதுக்குப் பொறந்த வீட்டுக் கோடிச் சீலை எடுக்கணுமேடா மாப்ள... எங்கக்காளுக்கு என்ன கலரு புடிக்கும்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு வயது மகன். அம்மாவுக்குப் பிடித்த நிறம் தெரியவில்லை. நான் பார்த்த அம்மா எப்போதும் மாவு நிறத்தில்தான் இருந்தாள்.

டப்பா ஜாதகம்

லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினேன். பாக்கெட்டில் மல்டிமீட்டர் இருந்தது. புதுக்கோட்டை தாண்டும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் எதையோ அளந்து அழுவதாக நினைத்து ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் எனக்கு வந்த நினைவெல்லாம் வரிசையாக வரவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த மில் தரை முதலில் வந்தது. பூப்போட்ட கல். மேலே மாவு படிந்து பூவே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் எனக்கு வீட்டுப்பாடம். மேஜையில் படிந்திருக்கும் மாவில் விரலால் வாய்ப்பாடு எழுதுவேன். அம்மா எட்டிப் பார்ப்பாள். "நோட்டுல எழுதுறதைவிட மாவுல ஒனக்குக் கையெழுத்து நல்லாருக்கே. தப்புன்னா ஊதிக்கிறலாம்." சொல்லிவிட்டு அவளே ஊதிவிடுவாள்.

அப்பா திடீரென்று போனபோது எனக்குப் பத்து வயது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அம்மா ஷட்டரைத் தூக்கினாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் மில்லுக்கு வருவார்கள், வரிசையில் நிற்பார்கள், சண்டை போடுவார்கள். மில்லில் முதலாளி நாற்காலியில் உட்காருவது வேறு. ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது. அம்மாவும் ஊரை வேடிக்கை பார்த்தாள். அவளுடைய வேடிக்கைதான் நீடித்தது, ஏனென்றால் அவளிடம் டப்பாக்கள் இருந்தன.

ஒரே வீட்டிலிருந்து திடீரென இரண்டு டப்பா வந்தால், உள்ளே மருமகள்கள் உலையைப் பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கறுப்பு உளுந்து வறுத்து வந்தால் அந்த வீட்டில் பெண் பெரியவளாகியிருக்கிறாள். குழம்புத் தூளில் மிளகாய் பாதியாகக் குறைந்தால் வீட்டுக்காரருக்கு வயிற்றுப் புண். சிங்கப்பூர் போகிறவன் வீட்டு டப்பா எப்போதும் தளும்பும். மிளகாய் மட்டும் கூடிக்கொண்டே போனால்? "அங்க ஏதோ சண்டை" என்பாள் அம்மா.

இத்தனையும் தெரியும். ஒன்றும் வெளியே போகாது. "டப்பா பேசும். மில்லுக்காரி பேசக் கூடாது" என்பது அவள் கொள்கை. என்னிடம்கூட யார் வீடு என்று சொன்னதில்லை. ஊருக்குள் அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் மாவின் நைஸ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அது வாயின் நைஸ்.

இன்னொன்றும் உண்டு. மில்லுக்கு வந்த டப்பா அரைபடாமல் திரும்பியதில்லை. சொன்ன நேரத்துக்கு மாவு கையில் இருக்கும். "அரைக்கலைன்னு திருப்பி அனுப்பினா அப்புறம் நான் அந்த வார்த்தையைச் சொல்லணும்ல?" என்பாள். எந்த வார்த்தை என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

ஆறு பேர் தூக்கிய கனம்

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் மில். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே எதிர் வீட்டு வாசலில் பந்தல் கம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர் எவ்வளவு வேகமாகக் காரியத்தில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எதிர் வீட்டில் கல்யாணம் என்பது அம்மா என்னிடம் நாலு தடவை சொல்லியிருந்த விஷயம்.

மில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. படியோரம் அம்மாவின் நீல ரப்பர் செருப்பு. வாசல் பெஞ்சில் நான்கு பெண்கள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்கள் சிவந்து, தாரை தாரையாக நீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, முத்தழகு அக்கா, எங்கள் பழைய வாடிக்கை.

"வாங்க தம்பி. என்ன இப்படி வேர்த்து விறுவிறுத்து வாரீக?"

"பெரியவுக..." என்றேன்.

"அவுகளையா? அப்பவே தூக்கிட்டாகளே. ஆறு பேரு சேந்து. ஆத்தாடி, என்னா கனம்!"

என் அம்மாவின் எடை நாற்பத்தேழு கிலோ. உயிர் போனபின் உடம்பு கனக்கும் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்தது. அறிவியல் படித்தவன் நான்.

"எனக்காகக் கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதாக்கா?"

"எதுக்கு? கெடந்தா எடந்தேன் அடைக்கும்."

"எல்லாரும் அழுதாகளா?"

"அழுகாம? பாருங்க, எனக்கு இன்னும் நிக்கல" என்று கண்ணைக் காட்டினாள். "முழுசா எரிஞ்சுபோச்சாம்ல."

"எரிச்சாச்சா? அதுக்குள்ளயா?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். முத்தழகு அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள். மில்லிலிருந்து மிளகாய் நெடி வந்து என் மூக்கில் ஏறியது. எனக்கும் தாரை தாரையாக வந்தது. எது நெடி, எது துக்கம் என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

ஒப்பாரிக்கு ஆள் கூடியது

சரியாக அப்போது கல்லல் வேன் வந்தது.

முதலில் இறங்கியது பாக்கியம் அத்தை, மாமாவின் மனைவி. தரையில் கால் படுவதற்கு முன்பே குரல் எழுந்தது.

"மாவரைச்சு ஊருக்கெல்லாம் பசியாத்துன மகராசி... ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் போனீகளே மதினீ..."

பின்னாலேயே எட்டுப் பெண்கள் இறங்கி வட்டம் கட்டினார்கள். முத்தழகு அக்கா எழுந்து நின்றாள். யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒப்பாரி சத்தம் கேட்டபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதை ஆகாது. முதலில் கட்டிப் பிடித்து அழ வேண்டும். யாருக்கு என்பது அப்புறம். அவளும் வட்டத்தில் சேர்ந்தாள். பெஞ்சில் இருந்த மற்ற மூவரும் சேர்ந்தார்கள். கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் தயாராக இருந்தது.

அந்த வேளையில் சந்து முனையில் ஒரு சரக்கு ஆட்டோ திரும்பியது. பின்னால் டின்கள். டின்களுக்கு நடுவில், தலையெல்லாம் செம்பொடி படிந்து, செல்லையா அண்ணனின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, என் அம்மா.

அவள் ஒப்பாரியைக் கேட்டாள். பாக்கியம் அத்தையைப் பார்த்தாள். கல்லல் முகங்களைப் பார்த்தாள். ஆட்டோ நிற்கும் முன்பே குதித்து ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, "அய்யோ, என் தம்பீ... என் பொறந்தவனே..." என்று அலறினாள்.

அவள் கணக்கு சரிதான். கல்லலே திரண்டு வந்து அழுகிறது. தம்பியை மட்டும் காணோம். வேறு யார் போயிருக்க முடியும்?

அத்தை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தபடி இன்னும் இரண்டு அடி பாடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். யார் தோள் என்று பார்த்தாள்.

"மதினீ?"

"எப்படிடி போனான் பாக்கியம்? எப்படிடி போனான்?"

"யாரு?"

"என் தம்பி!"

"அவுகளுக்கென்ன, பின்னால சோடா குடிக்கிறாக. போனது நீங்கதேன் மதினி!"

வேனுக்குப் பின்னாலிருந்து மாமா வந்தார். ஒரு கையில் சோடா பாட்டில், இன்னொரு கையில் துணிக்கடைப் பை. அக்காவைப் பார்த்தார். பாட்டில் நழுவி விழுந்து உடைந்தது. அப்போதும் அம்மா விடவில்லை. "பெருகிருச்சு" என்றாள், அழுகை நிற்காத குரலிலேயே.

அக்காவும் தம்பியும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மாவின் கண் பையின் மேல் போனது.

"என்னடா அது?"

மாமா பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அம்மா பிடுங்கித் திறந்தாள். கிளிப்பச்சையில் ஒரு சீலை. அது என்ன சீலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி இதற்கு முன் எத்தனை வீடுகளுக்குப் போவதைப் பார்த்தவள்.

"பத்துப் பொங்கலாச் சொல்லிக்கிட்டிருந்த சீலை இதானா?"

மாமா தலையை ஆட்டினார்.

"செத்தாத்தேன் எடுப்பேன்னு இருந்திருக்க. சரி, குடு. நல்ல கலரு."

இதற்குள் எதிர் வீட்டிலிருந்து கல்யாணப் பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். முகூர்த்தக்கால் ஊன்றும் வாசலுக்கு எதிரே ஒப்பாரி என்றால் யாருக்குத்தான் பதறாது? "என்னக்கா இது, நல்ல காரியம் நடக்கிற எடத்துல..."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அசரவில்லை. "ஒங்க வீட்டு மொளகாதேன் தம்பி. என்னா காரம்! சந்தே அழுகுது பாருங்க. இந்தாங்க, பதினோரு டின்னும் அரைச்சாச்சு. சமையக்காரரு வந்துட்டாரா?"

அவர் சந்தைப் பார்த்தார். பதினைந்து இருபது பேர், எல்லார் கண்ணிலும் நீர். பாக்கியம் அத்தை சமயம் பார்த்து ஒரு தும்மல் போட்டாள். அவர் நம்பிவிட்டார். பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு. "குண்டூர் மொளகாக்கா" என்றார்.

டின்கள் இறங்கியபின்தான் அம்மாவின் பார்வை படியில் உட்கார்ந்திருந்த என் மேல் விழுந்தது. லேப் கோட், சிவந்த கண், கையில் மல்டிமீட்டர்.

"நீ எங்கடா வந்த?"

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை நிறைந்துபோயிருந்தது.

"மீட்டரும் கொண்டாந்திருக்கியா? நல்லதாப் போச்சு. போயி ஸ்டார்ட்டரைப் பாரு. பெரியவுக போனதுக்கு அதுதேன் காரணமா இருக்கும்னு செல்லையா சொல்றாக."

பெரியவுகளும் சின்னவுகளும்

மில்லில் இரண்டு மோட்டார். மிளகாய், மல்லி அரைப்பதற்குப் பெரியது, மாவுக்குச் சின்னது. நம் பசியாற்றுகிறதை 'அது, இது' என்று சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், செல்லையா அண்ணன் அவற்றுக்குப் பெரியவுக, சின்னவுக என்று பேர் வைத்திருந்தார். இரண்டு வருஷமாக அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் அந்த இரண்டு வருஷத்தில் ஊருக்கு வந்தது மூன்று தடவை. மூன்று தடவையும் மில்லுக்குள் போகவில்லை, சட்டையில் மாவு ஒட்டும் என்று.

ஸ்டார்ட்டரைத் திறந்தேன். மூன்று பியூஸில் ஒன்று போயிருந்தது. ஒரு பேஸ் இல்லாமல் ஓடி, முனகி, சூடாகி, உதறி, உள்ளே கம்பிச் சுருள் எரிந்து நின்றிருக்கிறது. கரும்பலகை அப்படியே எதிரில் வந்து நின்றது.

சாயங்காலம் வரை வயரை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் லைட் பிடித்தபடி செல்லையா அண்ணன் மற்றதைச் சொன்னார். பாதி அரைபட்டுச் சிக்கிய மிளகாயை வந்திருந்த பெண்கள் கையாலேயே வாரி எடுத்தார்களாம். அதுதான் பெஞ்சின் கண்ணீர். மோட்டாரைக் கம்பி சுற்றும் வைண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டு, "பதினோரு டின்னு, ரெண்டு மணிக்குள்ள குடுக்கணும். என்னம்மா செய்ய?" என்று இவர் கேட்க, அம்மா கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். சம்சுதீன் பாய் மில்லுக்கு.

எனக்குக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவியது. பாய் மில் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அம்மாவும் அவரும் பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்த புதிதில், "பொம்பள மில்லு ஆறு மாசந்தேன்" என்று அவர் எங்கேயோ சொல்லிவிட்டார். அது அம்மா காதுக்கு வந்தது. அதன்பின் எதிரே வந்தால் அவள் தெருவைக் கடந்துவிடுவாள்.

"போயி என்னண்ணே கேட்டாக?"

"வாசல்ல நின்னு, 'பாய், எங்க மில்லு நெறஞ்சுபோச்சு, கொஞ்சம் ஒங்ககிட்டக் கொட்டிக்கிறலாமா'ன்னாக. அவரு ஒரு நிமிசம் பாத்தாரு. தன் டப்பாவையெல்லாம் ஓரமா நகட்டிட்டு, 'வாங்க தங்கச்சி, எங்க மில்லும் ஆளில்லாம நெறஞ்சுதேன் கெடக்கு'ன்னாரு. அவரே நின்னு அள்ளிப் போட்டாரு தம்பி. மெஷினு போட்ட சத்தத்துல அம்மாவுக்குப் போனு கேக்கல. என் போனுல சார்ஜு நெறஞ்சுபோச்சு."

நான் சிரித்தேன். சிரித்தபடியே, அத்தனை வருஷமாக அம்மாவிடம் கேட்டதை அவரிடம் கேட்டேன். 'இல்லை'யின் மேல் அவளுக்கு என்னதான் விரோதம்?

செல்லையா அண்ணன் லைட்டைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"ஒங்க அப்பா போனப்பறம் அம்மா வந்து ஒக்காந்தாகள்ல. ஒரு மாசம், வாரவுகள்லாம் வெளியூர்க்காரவுக, வெவரம் தெரியாதவுக, உள்ள எட்டிப் பாத்து, 'அண்ணன் இல்லியா?'ம்பாக. அம்மா 'இல்லை'ம்பாக. ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. ஒரு நா சாயங்காலம் என்னையக் கூப்புட்டு, 'செல்லையா, இனிமே நம்ம மில்லுல அந்த வார்த்தை வேண்டாம்'னாக. அவ்வளவுதேன்."

நான் மூன்றாவது பியூஸைப் போட்டேன்.

கிளிப்பச்சை

இரண்டு நாள் கழித்து எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா அந்தச் சீலையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். பாக்கியம் அத்தை "மதினி, வேணாம், அது எதுக்கு எடுத்ததுன்னு..." என்று பதற, "எதுக்கு எடுத்தா என்ன, கட்டுறவ நான்ல" என்றாள். பந்தியில் சம்சுதீன் பாய்க்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தாள். குழம்பு பரவாயில்லையா என்று அவர் கேட்டார். தூள் நல்ல தூள் என்று அம்மா சொன்னாள்.

கிளிப்பச்சை அவளுக்குப் பிடித்த நிறமா, அன்று முதல் பிடித்துப்போன நிறமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. கேட்டேன். "நெறஞ்சிருக்கு" என்றாள். எதற்குப் பதில் என்றே விளங்கவில்லை.

அதன்பின் ஊருக்குப் போகும்போதெல்லாம் மில்லுக்குள் போனேன். சட்டையில் மாவு ஒட்டியது. செல்லையா அண்ணனும் மோட்டாருக்கு ஏதாவது என்றால் எனக்குப் போன் செய்யப் பழகிவிட்டார். "பெரியவுக மொனகுறாக" என்பார். நான் திருச்சியில் இருந்தபடியே பியூஸைப் பார்க்கச் சொல்வேன். மாசத்துக்கு ஒரு போனாவது வரும்.

சில வருஷம் கழித்து, ஒரு காலை நேரம், வகுப்புக்குப் போகும் வழியில் அவர் பேர் போனில் வந்தது. எனக்கு இப்போது அனுபவம் வந்துவிட்டது அல்லவா? பதறவில்லை. படியிலேயே நின்று எடுத்தேன்.

"சொல்லுங்கண்ணே. பெரியவுகளா, சின்னவுகளா?"

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கோளாறு இல்லாத, ஒரே சீரான சத்தம். மூன்று பேஸும் சரியாக இருந்தன.

"ரெண்டு பேரும் நல்லாத்தேன் ஓடுறாக" என்றார். "நாற்காலியில ஒக்காந்திருந்தாக. டப்பாவை வாங்கி வச்சாக. அப்படியே சாஞ்சுட்டாக. மெஷினை நிறுத்தக் கை வரல எனக்கு."

"யாருண்ணே?"

"அம்மா இனிமே இல்ல, தம்பி."